கையை மட்டும் மரக்க வைக்கும் ஊசி: திரையில் பார்ப்பதும் விரலில் பார்ப்பதும்

கையில் அறுவை சிகிச்சை என்றதும் நம் ஆட்கள் முதலில் கேட்பது, "முழு மயக்கமா சிஸ்டர்?" என்பதுதான். பெரும்பாலும் தேவைப்படாது. அக்குளிலோ காறை எலும்புக்குப் பக்கத்திலோ நரம்புகளைச் சுற்றி மருந்து போட்டு, அந்த ஒரு கையை மட்டும் மரக்க வைத்துவிடலாம். ஆள் விழித்திருப்பார். தானாக மூச்சு விடுவார். அறுவைக்குப் பிறகு குமட்டல் குறைவு, சாப்பிடவும் சீக்கிரம் விடுவார்கள். இதற்கு நெர்வ் பிளாக் என்று பெயர், எங்கள் அறையில் வெறும் 'பிளாக்'.

சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனையில் மயக்கவியல் மருத்துவர்களுக்குத் துணையாக வேலை பார்க்கும் தாதி நான். பிளாக் போடும் அறைக்குத் தமிழ் பேசுபவர் வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கட்டுமானத் தளத்தில் கிரைண்டர் பட்டு வரும் தம்பிகள், கப்பல் பட்டறையில் விரல் நசுங்கி வருபவர்கள், குளியலறையில் வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டு வரும் அத்தைமார்கள், டயாலிசிசுக்காகக் கையில் ஃபிஸ்டுலா (தமனியையும் சிரையையும் இணைக்கும் அறுவை) வைக்க வரும் பெரியவர்கள் என்று பலர். இவர்கள் பக்கத்தில் நின்று பார்த்ததில் எனக்கு உறுதியாகப் பட்டது இது: பிளாக் போட்டாயிற்று என்பது வேறு, பிளாக் பிடித்துவிட்டது என்பது வேறு. பிடித்ததா என்று பார்க்க இன்று நல்ல படக்கருவிகள் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு படமும் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். எது எதற்கு என்று தெரியாமல் திரையைப் பார்த்து நிம்மதி அடைந்தால், வலியைத் தாங்குவது மேசையில் படுத்திருப்பவர்தான்.

கைக்குப் போகும் நரம்புகள் கழுத்துப் பகுதியில் ஐந்து வேர்களாகக் கிளம்பி, ஒன்றோடொன்று பின்னி, அக்குளுக்கு வரும்போது தனித்தனிக் கிளைகளாகிவிடும். கை அறுவைக்கு முக்கியமானவை நான்கு. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் இவற்றின் உள்ளங்கைப் பக்கம் மீடியன் நரம்புடையது. சுண்டுவிரலும் மோதிரவிரலில் பாதியும் அல்னார். புறங்கையில் கட்டைவிரல் பக்கம் ரேடியல். முன்கையின் வெளிப்பக்கத் தோல் மஸ்குலோகியூட்டேனியஸ். மூன்று மரத்து ஒன்று விட்டுப்போகலாம். அறுவை நடக்கும் இடம் அந்த விட்டுப்போன நரம்புடையது என்றால், மற்ற மூன்றும் மரத்து என்ன பயன்?

1884-ல் வியன்னாவில் கார்ல் கோலர் கொக்கைன் கரைசலால் கண்ணை மரக்க வைக்கலாம் என்று காட்டினார். அதையடுத்து அமெரிக்காவில் ஹால்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவர் கை நரம்புப் பின்னலையே திறந்து வைத்துக்கொண்டு மருந்து போட்டார். தோலுக்கு மேலிருந்தே ஊசி குத்தும் முறை 1911-ல் வந்தது. ஹிர்ஷல் அக்குள் வழியாகப் போட்டார், குலென்காம்ப் காறை எலும்புக்கு மேலிருந்து போட்டார். அதற்குப் பிறகு பல காலம், ஊசிமுனை நரம்பைத் தொட்டு நோயாளி "கரண்ட் அடிச்ச மாதிரி இருக்கு" என்று சொல்வதுதான் அடையாளம். அப்புறம் நரம்பைச் சிறு மின்சாரத்தால் தூண்டி, விரல் துடிக்கிறதா என்று பார்க்கும் கருவி வந்தது. எலும்பு முறிந்த கை துடித்தால் எவ்வளவு வலிக்கும் என்று நினைத்துப் பாருங்கள். 1994-ல் வியன்னாவில் கப்ரால் குழுவினர் அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே பிளாக் போட்டதை வெளியிட்டார்கள். இன்று எங்கள் அறையில் திரை இல்லாமல் யாரும் ஊசியைக் கையில் எடுப்பதில்லை.

அல்ட்ராசவுண்டில் அக்குளைப் பார்க்கும்போது முதலில் கண்ணில் படுவது துடிக்கும் தமனி, கறுப்பு வட்டமாக. அதைச் சுற்றித்தான் மீடியன், அல்னார், ரேடியல் மூன்றும் இருக்கும். மஸ்குலோகியூட்டேனியஸ் மட்டும் கொஞ்சம் தள்ளி, இரண்டு தசைகளுக்கு நடுவில் பளிச்சென்று தெரியும். ரேடியல்தான் படுத்தும். அது தமனிக்குப் பின்னால் ஆழத்தில் இருக்கும். இரத்தம் நிறைந்த குழாயைத் தாண்டி வரும் ஒலி அலை, தமனிக்குக் கீழே ஒரு வெளிச்சத் திட்டை உண்டாக்கும். பார்ப்பதற்கு அசல் நரம்பு மாதிரியே இருக்கும். நான் பார்த்த நல்ல மருத்துவர்கள் அந்த வெளிச்சத்தை நம்புவதில்லை. ப்ரோபை, அதாவது தோலில் வைத்துப் படம் பார்க்கும் கைக்கருவியை, மெல்ல முழங்கை நோக்கி நகர்த்துவார்கள். உண்மையான ரேடியல் நரம்பு தமனியை விட்டுப் பிரிந்து, எலும்பைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போகும். வெறும் வெளிச்சம் தமனியோடேயே வரும். இளம் தாதிகளுக்கும் பயிற்சி மருத்துவர்களுக்கும் நான் சொல்வது இதைத்தான்: ஒரே இடத்தில் நிறுத்திய படத்தை வைத்து நரம்புக்குப் பெயர் வைக்காதீர்கள், அது போகும் வழியைப் பின்தொடருங்கள்.

இன்னொன்று, சிரைகள். ப்ரோபைக் கொஞ்சம் அழுத்தினாலே சிரை நசுங்கித் திரையிலிருந்து மறைந்துவிடும். மறைந்த சிரைக்குள் ஊசி போகலாம். அதனால் குத்துவதற்கு முன் கையின் அழுத்தத்தைத் தளர்த்திப் பார்க்க வேண்டும், கலர் டாப்ளரைப் போட்டு எங்கே இரத்தம் ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். மருந்தை ஏற்றும் சிரிஞ்ச் பெரும்பாலும் என் கையில்தான் இருக்கும். மருத்துவர் சொல்லும்போது முதலில் பின்னுக்கு இழுத்து இரத்தம் வருகிறதா என்று பார்ப்பேன், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவேன். அப்போது என் கண்ணும் திரையில்தான். மருந்து சேர்ந்த இடம் கறுப்பாக விரிய வேண்டும். சிரிஞ்சில் மருந்து குறைகிறது, திரையில் ஒன்றும் விரியவில்லை என்றால் உடனே "டாக்டர், ஸ்ப்ரெட் தெரியல" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவேன். மருந்து இரத்தக்குழாய்க்குள் போய்க்கொண்டிருக்கலாம், அல்லது ஊசிமுனை படத்தைவிட்டு விலகியிருக்கலாம். எதுவானாலும் நிறுத்திப் பார்க்க வேண்டிய நேரம் அது. மருந்தை ஏற்ற சிரிஞ்சை அழுத்துவது கனமாக இருந்தாலும், நோயாளி சுரீரென்று வலிக்கிறது என்றாலும் அப்படித்தான். ஊசிமுனை நரம்புக்குள்ளேயே இருக்கலாம்.

எல்லாம் சரியாகப் போனால் நரம்பையோ தமனியையோ சுற்றிக் கறுப்பு வளையம் ஒன்று உருவாகும், மெதுவடையைத் திரையில் பார்ப்பது போல. அது மனதுக்கு நிறைவான காட்சிதான். ஆனால் அந்த வளையம் சொல்வது மருந்து எங்கே இருக்கிறது என்பதை மட்டும். நரம்பு மரத்துவிட்டதா என்பதை அது சொல்வதில்லை. மருந்து நரம்பின் உறையைத் தாண்டி உள்ளே ஊற நேரம் வேண்டும். மரக்க வைக்கும் மருந்துகளில் லிடோகெய்ன் கொஞ்சம் சீக்கிரம், ரோபிவகெய்ன் கொஞ்சம் மெதுவாக. பொதுவாக 20 முதல் 30 நிமிடம் வரை காத்திருக்கிறோம். அறுவை அறையிலிருந்து "ரெடியா, ரெடியா" என்று போன் வந்துகொண்டே இருக்கும். அந்த அவசரத்தில்தான் பிளாக் அரைகுறையாக இருந்தும் ஆள் உள்ளே போய்விடுவார்.

காத்திருக்கும் நேரத்தில் ஐஸ் துண்டையோ ஸ்பிரிட் தொட்ட பஞ்சையோ அந்த நான்கு நரம்புகளுக்கும் உரிய இடங்களில் வைத்துப் பார்ப்போம். மரக்காத கன்னத்திலோ மறு கையிலோ முதலில் வைத்து, "இந்த ஜில்லு நூறு பைசான்னா, இங்க எத்தனை பைசா?" என்று கேட்பேன். தெரியுதா தெரியலையா என்று கேட்பதைவிட இதற்கு ஒழுங்கான பதில் வருகிறது. பிறகு அசைவு. முழங்கையை நீட்டித் தள்ளச் சொல்வது ரேடியலுக்கு, மடக்கி இழுக்கச் சொல்வது மஸ்குலோகியூட்டேனியசுக்கு. மீடியனையும் அல்னாரையும் விரலசைவில் பார்க்கலாம், அல்லது ஆள்காட்டி விரலடியிலும் சுண்டுவிரலடியிலும் கிள்ளிப் பார்க்கலாம்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. பதில் சொல்ல வேண்டியது நோயாளி. நம் தம்பிகள் எதைக் கேட்டாலும் "பரவால்ல சிஸ்டர், பண்ணுங்க" என்பார்கள். டாக்டரைக் காக்க வைக்கக் கூடாது என்ற மரியாதை ஒரு பக்கம், கூடுதல் ஊசி என்றால் கூடுதல் காசோ என்ற பயம் ஒரு பக்கம். வேலையில் பட்ட காயத்துக்கான மருத்துவச் செலவை, சட்டம் வகுத்த வரம்புக்குள் முதலாளிதான் ஏற்க வேண்டும் என்று சிங்கப்பூரின் வேலைக் காயச் சட்டம் சொல்கிறது. இதை அவர்களுக்கு அங்கேயே சொல்லிவிடுவேன். சொன்ன பிறகு முகம் கொஞ்சம் தளரும்.

இந்த இடத்தில்தான் வெப்பப் படம் பெரிய உதவி. கைக்குப் போகும் நரம்புகளில் வலி இழைகளோடு சிம்பதெடிக் இழைகளும் சேர்ந்தே ஓடுகின்றன. இரத்தக்குழாய்களைச் சுருக்கிப் பிடித்திருப்பது அவைதான். மருந்து பிடித்ததும் அந்தப் பிடி விடும், குழாய்கள் விரியும், விரல்நுனிக்கு இரத்தம் பாயும், தோல் சூடேறும். குளிரூட்டிய அறையில் ஜில்லென்று இருந்த விரல்கள் சில டிகிரி உயர்ந்துவிடும். தொட்டாலே தெரியும், அகச்சிவப்பு கேமராவில் இன்னும் தெளிவாகத் தெரியும். ஃபிஸ்டுலா வைக்க வருபவர்களுக்கு இதே காரணத்தால் கைச் சிரைகள் புடைத்து வரும். அல்ட்ராசவுண்டில் அளந்து பார்த்து அறுவை மருத்துவர்கள் சந்தோஷப்படுவார்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் பர்ஃபியூஷன் இன்டெக்ஸ் என்ற, விரலின் இரத்த ஓட்டத்தைக் காட்டும் எண் ஏறுவதும் இதனால்தான்.

டென்மார்க் மருத்துவர்கள் இதை முறையாக ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்கள் கவனித்தது ஆள்காட்டி விரலையும் சுண்டுவிரலையும். ஒன்று மீடியனுக்குச் சாட்சி, மற்றது அல்னாருக்கு. இரண்டும் மரக்காத கையைவிடச் சூடேறினால் பிளாக் பிடித்திருக்கும் என்று நம்பலாம். நாங்களும் அதே விரல்களைத்தான் பார்க்கிறோம். போனில் பொருத்தும் சின்ன கேமராதான். நோயாளியிடம் கேட்டுவிட்டு, முகம் விழாமல், இரண்டு கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுப்போம்.

விரல் தசைநாண் அறுந்து வந்த ஒரு தம்பியின் படம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ராமநாதபுரம் பக்கத்துக்காரர். மணிக்கட்டில் கோயில் கயிறு. வெட்டணுமா என்று தயங்கிவிட்டு, "அம்மா கட்டுனதுக்கா" என்றார். வெட்டி ஒரு சின்னப் பையில் போட்டு அவர் சட்டைப்பையில் வைத்தேன். அல்ட்ராசவுண்டில் மருந்து அழகாகப் பரவியிருந்தது. எதைக் கேட்டாலும் மரத்துப்போச்சு என்றார். வெப்பப் படத்தில் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றும் மஞ்சளும் வெள்ளையுமாக ஒளிர்ந்தன, அதாவது சூடு. மோதிரவிரல் ஒரு பக்கம் மட்டும் வெளுத்திருந்தது. சுண்டுவிரல் நீலம், அதாவது குளிர். "தம்பி, சுண்டுவிரலைக் கிள்ளுறேன், உண்மையைச் சொல்லு" என்றேன். "லேசா தெரியுதுக்கா, தாங்கிக்கலாம்" என்றார். வெட்டுப்பட்டதே அந்தச் சுண்டுவிரல்தான்! மருத்துவர் ப்ரோபை முன்கையில் வைத்து, அல்னார் தமனிக்குப் பக்கத்திலேயே படுத்திருக்கும் அல்னார் நரம்பைத் தேடிக் கொஞ்சம் மருந்து போட்டார். சிறிது நேரத்தில் சுண்டுவிரலும் நிறம் மாறியது. ஐஸ் வைத்தேன், தெரியவில்லை. கிள்ளினேன், தெரியவில்லை. அதன்பிறகுதான் கட்டிலைத் தள்ளினோம்.

அதற்காக வெப்பப் படத்தையும் அப்படியே நம்ப முடியாது. அது தோலின் மேற்பரப்பை மட்டும் படிக்கும். கிருமிநாசினி தடவி இன்னும் ஈரமாக இருக்கும் தோல், ஆவியாகிக் குளிர்ந்து, பிளாக் பிடிக்காத மாதிரி காட்டும். சீழ் கட்டிய விரல் பிளாக்குக்கு முன்பே சூடாக இருக்கும். வெயிலில் இருந்து நேராக வந்தவரின் கை ஏற்கெனவே சூடாக இருக்கும், மேலும் ஏற இடம் இருக்காது. நீண்டகாலச் சர்க்கரை நோயால் நரம்பு கெட்டவர்களுக்குச் சூடு ஏறாமலே கை மரத்துப்போகலாம். மோதிரம் போன்ற பளபளப்பான உலோகத்தின் வெப்பநிலையை இந்தக் கேமராவால் சரியாகப் படிக்க முடியாது. எல்லாவற்றையும்விட முக்கியம், சூடேறும் வேலையை விரல்நுனிகள்தான் நன்றாகச் செய்யும். அங்கே தமனியையும் சிரையையும் நேராக இணைக்கும் குறுக்குக் குழாய்கள் நிறைய உண்டு. புறங்கையிலும் முன்கையிலும் மாற்றம் மங்கல். ஆக ரேடியலுக்கும் மஸ்குலோகியூட்டேனியசுக்கும் வெப்பப் படம் பலவீனமான சாட்சி. அவற்றுக்கு ஐஸ்தான், அசைவுதான். என் அனுபவத்தில் படம் சூடு என்று காட்டும்போது கொஞ்சம் நம்பலாம், குளிர் என்று காட்டினால் கட்டாயம் இன்னொரு முறை கேட்க வேண்டும்.

டூர்னிகே தரும் வலியை எந்தப் படமும் காட்டாது. இரத்தம் வராமல் இருக்க மேற்கையில் கட்டிக் காற்று ஏற்றுவார்களே, அந்தப் பட்டை. மேற்கையின் உள்பக்கத் தோலுக்கு வரும் நரம்புகளில் ஒன்று இந்தக் கைப் பின்னலைச் சேர்ந்ததே இல்லை, மார்புப் பக்கத்திலிருந்து வருவது. அக்குள் பிளாக் அதைத் தொடாது. விரல் மரக்கட்டையாக இருந்தும் மேற்கை கனத்து வலிக்கிறது என்று நோயாளி சொன்னால் அது உண்மை. "பிளாக் நல்லாத்தான் இருக்கு" என்று அவரை அடக்கக் கூடாது.

காறை எலும்புக்கு மேலே போடும் பிளாக்கில் இன்னொரு விஷயம். மூச்சுத் தசையான உதரவிதானத்தை இயக்கும் நரம்பு பக்கத்திலேயே ஓடுவதால், அந்தப் பக்க உதரவிதானம் சிலருக்குத் தற்காலிகமாக வேலை செய்யாது. மூச்சு கனமாக இருக்கிறது என்றால் அதே அல்ட்ராசவுண்டை விலாவுக்குக் கீழே வைத்து உதரவிதானம் அசைகிறதா என்று பார்த்துவிடலாம். நுரையீரல் நோய் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் அக்குள் வழிதான். ஆஸ்துமா, பழைய காசநோய், புகைப்பழக்கம் எதையும் மறைக்காதீர்கள். இரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரைகளையும் சொல்லிவிடுங்கள்.

பிளாக்குக்குப் போகும் உங்களிடமும் உங்கள் வீட்டாரிடமும் கேட்டுக்கொள்வது: எந்தக் கை, எந்த விரல் என்று ஒவ்வொருவர் கேட்கும்போதும் வாய்விட்டுச் சொல்லுங்கள். திரும்பத் திரும்பக் கேட்பது தப்பான பக்கம் ஊசி போடாமல் இருக்கத்தான். மருந்து ஏறும்போது வாயில் உலோகச் சுவை, உதடு மதமதப்பு, காதில் ரீங்காரம், தலைச்சுற்றல் எது வந்தாலும் உடனே சொல்லுங்கள். மருந்து இரத்தத்தில் அதிகமாகக் கலந்ததற்கான முதல் அறிகுறிகள் அவை. அதற்கு மாற்றாகக் கொடுக்கும் லிப்பிட் (கொழுப்பு) கரைசல் அறையிலேயே தயாராக இருக்கும். தொடுவதும் இழுப்பதும் தெரிவது சகஜம், அதற்குப் பயப்பட வேண்டாம். கூர்மையாக வலித்தால் அது சகஜமில்லை. கூடுதலாகப் போட வழி இருக்கிறது, அதைச் செய்யத்தான் நாங்கள் நிற்கிறோம். உங்கள் "பரவால்ல" எங்களுக்கு உதவாது, "வலிக்குது" என்பதுதான் உதவும். தமிழில் பேச ஆள் வேண்டும் என்று கேட்கத் தயங்காதீர்கள்.

அறுவை முடிந்த பிறகு கை பல மணி நேரம், சில சமயம் அடுத்த நாள் வரைகூட, உங்களுடையதாக இருக்காது. கழுத்தில் மாட்டும் துணித் தூளியில் கட்டியே வைத்திருங்கள். அடுப்பு, இஸ்திரிப்பெட்டி, சூடான தேநீர்க் குவளை எதுவும் அந்தக் கைக்குப் பக்கத்தில் வேண்டாம், சுட்டாலும் தெரியாது. தங்குவிடுதியில் மேல் படுக்கை என்றால் அன்று இரவு கீழ்ப் படுக்கையை மாற்றிக் கேளுங்கள். ஒரு கையோடு ஏணி ஏறுவது ஆபத்து. தேவைப்பட்டால் வார்டு தாதியிடம் சொல்லுங்கள், மேற்பார்வையாளரிடம் நாங்களே பேசுகிறோம். லாரியின் பின்புறம் உட்கார்ந்து திரும்பிப் போகாதீர்கள், பிடித்துக்கொள்ளக் கை இல்லை. வலி மாத்திரையை வலி வந்த பிறகு போடலாம் என்று வைத்திருக்காதீர்கள். பிளாக் விடும்போது வலி ஒரேயடியாக, பெரும்பாலும் நடுராத்திரியில் வரும். விரலில் ஊசி குத்துவது போல் தோன்ற ஆரம்பித்ததுமே, சொன்ன அளவில் போட்டுவிட்டுப் படுங்கள். விரல்கள் நீலமானாலோ, கட்டு இறுகி வலி தாங்க முடியாமல் போனாலோ உடனே அவசரப் பிரிவுக்கு வாருங்கள். இரண்டு நாள் கழித்தும் மரப்பு விடவில்லை என்றால், அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் டிஸ்சார்ஜ் தாளில் உள்ள எண்ணுக்கு அழைத்து, எந்த விரல் என்று சொல்லுங்கள்.